ஏழு மணிக்கு மட்டும் போகும் நெட்

அம்மா பண்ணிசை வகுப்பை விட்டுவிட்டார் என்பது எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தெரிய வந்தது. அதையும் அவர் சொல்லவில்லை. மயிலாடுதுறையில் இருந்து ஜூமில் பாடம் எடுக்கும் ஓதுவார் ஐயா எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தார். "அம்மாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையாம்மா? மூணு செவ்வாயா ஆளைக் காணோமே."

உடனே அம்மாவைக் கூப்பிட்டேன்.

"படம் நின்னு நின்னு போகுது. நான் பாடுற நேரம் வந்தா குரல் பாதியில அறுந்துடுது. எல்லாரும் எனக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க. நான்தான் எதையோ அமுக்கிக் கெடுத்துட்டேன் போல. அவங்களுக்கு எதுக்குத் தொந்தரவுன்னு விட்டுட்டேன்."

அந்த 'நான்தான்' எனக்கு வலித்தது. பதினைந்து வருடமாக அலுவலகத்தில் கணினி உதவிப் பிரிவில் இருக்கிறேன். நெட் போய்விட்டது என்று அழைப்பவர்களில் வயதானவர்கள் பெரும்பாலும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். தண்ணீர்க் குழாய் ஒழுகினால் யாரும் தன்னை நொந்துகொள்வதில்லை. கணினி நின்றால் மட்டும் தங்களுக்கு அறிவு போதவில்லை என்று முடிவுகட்டி ஒதுங்கிவிடுகிறார்கள். அம்மா எழுபத்திரண்டு வயதில் ஆசையாகத் தொடங்கிய வகுப்பு அது.

அப்பா போன பிறகு, இங்கே சிங்கப்பூரில் அங் மோ கியோவில் இருந்த பழைய வீட்டை விற்றுவிட்டு, அம்மா பொங்கோலில் ஒரு மூவறை வீட்டுக்கு மாறினார். நான் இருப்பது ஜூரோங் வெஸ்ட். தீவின் இந்த முனையும் அந்த முனையும். ரயிலில் போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அலுவலகம் முடிந்து வகுப்பு நேரத்துக்கு அங்கே போய்ச் சேர முடியாது. வகுப்பு ஊரில் மாலை 5 மணிக்கு, இங்கே அது 7.30.

எனவே சனிக்கிழமை நண்பகலில் போனேன். எல்லாம் ஒழுங்காக இருந்தது. வேகச் சோதனை ஓட்டினேன், குறையில்லை. ஜூமைத் திறந்து என் கைப்பேசியில் இருந்தே அம்மாவைக் கூப்பிட்டேன், படம் தடங்கலில்லாமல் ஓடியது. ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினேன். செவ்வாய்க்கிழமை மறுபடி அதே கதை. இணையச் சேவை நிறுவனத்தை அழைத்தோம். மூன்று முறை ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள், பிறகு வியாழக்கிழமை காலை 11 மணிக்கு ஒரு பையனை அனுப்பினார்கள். அவரும் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, "லைன் சுத்தமா இருக்கு ஆன்ட்டி" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை, அப்போது சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வந்து வந்து போகும் கோளாறை, அது வராத நேரத்தில் சோதித்து ஒரு பயனும் இல்லை. காய்ச்சல் இறங்கிய பிறகு வெப்பமானி வைத்துப் பார்ப்பதைப் போலத்தான் அவரும் செய்தார், நானும் செய்தேன்.

மாலை ஏழு மணிக்கு மேல்தான் கெடுகிறது என்றதும் எனக்குத் தோன்றிய முதல் காரணம் அக்கம்பக்கத்து வைஃபை நெரிசல். அடுக்குமாடியில் இது உண்மையான பிரச்சினைதான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று உரசாத தடங்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வீடு எல்லாம் வேலை முடிந்து வந்து ஒரே நேரத்தில் படம் பார்க்க உட்கார்ந்தால், அந்த மூன்று தடத்தில்தான் அத்தனை பேரும் இடித்துக்கொள்ள வேண்டும். போதாததற்கு மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசைப் பக்கம்தான் இரைச்சல் போடும். எனவே அடுத்த சனிக்கிழமை தடத்தை மாற்றிவைத்தேன், கணினியை 5 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றினேன். செவ்வாய்க்கிழமை முன்னைவிட மோசம். அந்த 'முன்னைவிட மோசம்' என்பதே ஒரு துப்பு என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. நெரிசல்தான் காரணம் என்றால் 5-க்குப் போனதும் குறைந்திருக்க வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் 2.4-ஐவிடப் பலவீனமானது.

இந்த இடத்தில் நான் அலுவலகத்தில் எல்லோரிடமும் கேட்கும் கேள்வியை என் வீட்டு விஷயத்தில் கேட்கவே இல்லை என்பது புரிந்தது. 'நெட் போச்சு' என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோம். ஆனால் அது ஒரே பொருள் இல்லை, ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும் சங்கிலி. கணினியில் இருந்து ரவுட்டர் வரை ஒரு கண்ணி, அது வைஃபையோ வயரோ. ரவுட்டரில் இருந்து ஓஎன்டி பெட்டி வரை, அதாவது கண்ணாடி இழையில் வரும் ஒளியை மின்குறியாக மாற்றும் பெட்டி வரை, ஒரு கண்ணி. அந்தப் பெட்டியில் இருந்து வீட்டுக்கு வெளியே ஓடும் கண்ணாடி இழை இன்னொன்று. கடைசியாக, நாம் தட்டும் இணையப் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ். எது அறுந்தாலும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் எதையும் தொடுவதற்கு முன்னால், எதுவரைக்கும் போகுது என்று கேட்க வேண்டும். ரவுட்டரைக் குண்டூசியால் குத்தி ரீசெட் செய்வது, கணினியைத் துடைத்து விண்டோஸை மறுபடி போடுவது எல்லாம் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த பிறகு வரவேண்டிய வேலைகள். முதலிலேயே ரீசெட் அடித்தால் இருந்த தடயமும் அழிந்துபோகும்.

இதைக் கேட்பதற்கான கருவி எல்லாக் கணினியிலும் இருக்கிறது. பிங் என்று பெயர். அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்த மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதியது. அவருக்கும் வலையமைப்பு ஒன்று காரணம் தெரியாமல் முரண்டு பிடித்தது, அதைத் துரத்திப் பிடிக்கத்தான் எழுதினார். நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேட ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருப்பார்களே, அந்தச் சத்தத்தின் பெயரையே இதற்கும் வைத்தார். வேலையும் அதுதான். ஒரு சிறு பொட்டலம் போகும், எதிர்முனை அதைத் திருப்பி அனுப்பும், போய்வர எத்தனை மில்லிவிநாடி ஆனது என்று ஒரு வரி எழுதிக் காட்டும்.

விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி, சிஎம்டி என்று தட்டினால் கறுப்புச் சாளரம் ஒன்று வரும். அங்கே பிங் என்று போட்டு ரவுட்டரின் எண்ணைக் கொடுக்க வேண்டும். பல வீடுகளில் அது 192.168.1.1, அல்லது அதை ஒட்டிய எண். பதில் வந்தால் முதல் கண்ணி நல்லது. அடுத்து 8.8.8.8. அது கூகலின் பொது டிஎன்எஸ் சேவையின் எண், வீட்டுக்கு வெளியே நிற்பது. ரவுட்டர் பதில் சொல்லி 8.8.8.8 சொல்லாவிட்டால், கோளாறு ரவுட்டரைத் தாண்டி எங்கோ இருக்கிறது. இரண்டும் பதில் சொல்லி, இணையப் பக்கங்கள் மட்டும் திறக்காவிட்டால் டிஎன்எஸ்ஸைச் சந்தேகப்படலாம், அமைப்பில் அதை 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். உங்கள் கணினியின் சொந்த எண்ணே 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் அதற்கு எண்ணே கொடுக்கவில்லை என்று பொருள். அப்போது வேறு எதையும் சோதிக்காதீர்கள், வயரையும் ரவுட்டரையும் பாருங்கள்.

சரி, அம்மா கதைக்கு வருகிறேன். அடுத்த சனிக்கிழமை அம்மாவின் கணினித் திரையில் ஒரு ஐகான் செய்து வைத்தேன். அதை இருமுறை தட்டினால் ரவுட்டருக்குப் பிங் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். பெயர் 'நாடி' என்று தமிழில் வைத்தேன். கூடவே ரவுட்டருக்கும் ஓஎன்டிக்கும் தமிழில் ஒட்டுத்தாள் ஒட்டி, எந்த விளக்கு எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று எழுதிவைத்தேன். ஓஎன்டியில் வெளி இணைப்பைக் காட்டும் பான் விளக்கு பச்சையாக நின்று எரிய வேண்டும். எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளியில் இருந்து ஒளி வரவில்லை என்று பொருள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு ஒப்பித்தார்.

செவ்வாய்க்கிழமை மாலை ஆறே முக்காலுக்கு, ஜூரோங் ஈஸ்ட் ரயில் நிலையத்தில் ஒரு தூண் ஓரமாக நின்றுகொண்டு அம்மாவைக் கூப்பிட்டேன். ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைக்கச் சொன்னேன்.

"நாடியைத் தட்டுங்க. டைம்னு போட்டிருக்கிற எண்ணை மட்டும் படிச்சுக்கிட்டே வாங்க."

"ரெண்டு. மூணு. ரெண்டு. ரெண்டு. நாலு. ரெண்டு..."

பள்ளியில் வாய்ப்பாடு ஒப்பிப்பவர் மாதிரி ஒரே சீராக வந்தது. ஐந்து நிமிடம் போயிற்று. நானும் பேசாமல் கேட்டுக்கொண்டு நின்றேன். அப்புறம் அம்மா, "இரு, விளக்கேத்துற நேரம் ஆச்சு. ஸ்டோரைச் சாத்திட்டு வந்துடுறேன்" என்று எழுந்து போனார். செருப்புச் சத்தம். பிறகு 'டங்' என்று கனமான ஓர் இரும்புச் சத்தம், கைப்பேசியில்கூட அடிவயிற்றில் இறங்குகிற மாதிரி. தீப்பெட்டி உரசும் ஒலி. ஒரு நிமிடம் மௌனம். நாற்காலி நகர்ந்தது.

"என்னம்மா இது. நூத்தி எண்பது. இருநூத்தி நாப்பது. அப்புறம் என்னமோ ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்டாம். முந்நூத்திப் பத்து. மறுபடி டைம்டு அவுட்."

"அம்மா, ஸ்டோர் கதவைத் திறந்துட்டு வாங்க."

"விளக்கு எரியறப்பவா?"

"ஒரே ஒரு நிமிஷம்."

மறுபடி இரும்புச் சத்தம். "ரெண்டு. ரெண்டு. மூணு."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா ஸ்டோர் என்று சொல்வது வீட்டுக்குள் இருக்கும் பாம் ஷெல்டரை. இந்த ஊரில் 1997-இல் குடிமைத் தற்காப்புப் புகலிடச் சட்டம் வந்தது. அதன் பிறகு கட்டப்பட்ட வீவக வீடுகள், அதாவது அரசு அடுக்குமாடி வீடுகள், பெரும்பாலானவற்றில் இப்படி ஒரு சிறு அறை உண்டு. கம்பி பின்னிய கனத்த கான்கிரீட் சுவர், எஃகுக் கதவு. குண்டு வெடித்தாலும் உள்ளே இருப்பவர் தப்பிக்க வேண்டும் என்று கட்டிய அறை. சமாதான காலத்தில் நாமெல்லாம் அதில் அரிசி மூட்டை, பயணப் பெட்டி, துடைப்பம் வைத்துக்கொள்கிறோம். அம்மா வீட்டில் கண்ணாடி இழை வந்து முடியும் வெள்ளைப் பெட்டியும் அங்கேதான் இருக்கிறது, அதனால் ரவுட்டரையும் அங்கேயே ஒரு தட்டில் வைத்துவிட்டார்கள். பகல் முழுக்கக் கதவு திறந்தே கிடக்கும். மாலையில் விளக்கேற்றும்போது துடைப்பமும் பழைய சாமான்களும் சாமி எதிரே தெரியக்கூடாது என்று அம்மா கதவை இழுத்துச் சாத்துவார். பாட்டி காலத்தில் இருந்து வரும் பழக்கம். அங் மோ கியோ வீட்டில் ரவுட்டர் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வெட்டவெளியில் இருந்தது, அதனால் அங்கே இது தெரியவே இல்லை. இங்கே கதவு மூடியதும் வைஃபை சிறைக்குள் போய்விடும். அம்மாவின் கைப்பேசி அந்த நேரத்தில் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவிக்கொண்டதால், வைஃபை செத்துக்கிடப்பது கைப்பேசியிலும் காட்டிக்கொடுக்கவில்லை.

அந்த 240 மில்லிவிநாடியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். 240 மில்லிவிநாடி கிடைத்தால் 48,000 கிலோமீட்டர் போய்விடலாம். பூமியைச் சுற்றிவந்தாலே சுமார் 40,000தான். அம்மாவின் குரல் மயிலாடுதுறைக்குப் போய்ச் சேரத் தாமதமானதற்குக் கடல் காரணமே இல்லை, கூடத்துக்கும் ஸ்டோருக்கும் இடையில் இருந்த ஐந்து மீட்டர்தான் காரணம். ரவுட்டர் வரைக்குமே ஒழுங்காகப் போகவில்லை என்று தெரிந்த பிறகு வெளியே யாரையும் அழைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

சுலபமான வழி, கதவைத் திறந்தே வையுங்கள் என்று சொல்லிவிடுவது. எனக்கு மனம் வரவில்லை. விளக்கேற்றும் முறையை ஒரு பெட்டிக்காக மாற்றிக்கொள்ளச் சொல்வது சரியான தீர்வு இல்லை. பெட்டிதான் நகர வேண்டும். ஆனால் ஷெல்டர் சுவரைக் குடைந்து வயர் இழுக்க முடியாது, அதற்கு அனுமதி கிடையாது. கண்ணாடி இழை வயரைக் கதவிடுக்கு வழியாக வெளியே கொண்டுவரவும் கூடாது. அதற்குள் ஒளி ஓடும் பகுதி 9 மைக்ரோமீட்டர் தடிமன், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. இறுக்கி மடித்தால் ஒளி வளைவிலேயே கசிந்து வெளியேறிவிடும், எஃகுக் கதவு அழுத்தினால் உடைந்தே போகும்.

வழி சுவருக்குள்ளேயே இருந்தது. அண்மைக் காலத்துக் கட்டடங்களில் கூடத்துக்கும் அறைகளுக்கும் சுவருக்குள்ளேயே வயர் இழுத்து, நெட்வொர்க் வயரைச் செருகும் டேட்டா பாயின்ட் வைத்துத் தந்துவிடுகிறார்கள். பலர் வீட்டில் அது என்னவென்றே தெரியாமல் சோபாவுக்குப் பின்னால் தூசி படிந்து கிடக்கும். அம்மா வீட்டில் கூடத்து டேட்டா பாயின்ட்டின் மறுமுனை ஷெல்டருக்குள், ஓஎன்டிக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஓஎன்டியை அங்கேயே விட்டுவிட்டு, அதில் இருந்து ஒரு வயரைச் சுவரில் செருகினேன். கூடத்துச் சுவரில் இருந்து இன்னொரு வயரை எடுத்து ரவுட்டருக்குக் கொடுத்தேன். ரவுட்டர் இப்போது புத்தக அலமாரி மேல் காற்றோட்டமாக இருக்கிறது. கதவு திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான்.

வேகச் சோதனை ஓட்டினேன். 94.

இந்த எண்ணைப் பார்த்தால் நின்று கவனியுங்கள். அம்மாவின் திட்டம் 1 ஜிபிபிஎஸ், அதாவது 1,000 எம்பிபிஎஸ். 300, 500 என்று வந்தால் ஆயிரம் காரணம் இருக்கலாம். 94 அல்லது அதை ஒட்டி ஒரு எண் வந்து அசையாமல் நின்றால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: வழியில் எங்கோ ஒரு வயர் 100 எம்பிபிஎஸ்ஸில் மாட்டிக்கொண்டிருக்கிறது. நூறில் முகவரி எழுதும் சுமை போக நமக்கு மிஞ்சுவது 94, 95. நெட்வொர்க் வயருக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கி நான்கு சோடி. கிகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும். 100-க்கு நான்கே போதும். எனவே அந்த நான்கைத் தவிர மற்றதில் ஒரு கம்பி அறுந்துபோனால், இரு முனைப் பெட்டிகளும் பெரும்பாலும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிக்கொள்ளும். நெட் நிற்காது, எச்சரிக்கையும் வராது.

நான் செருகியது அம்மா பழைய வீட்டில் இருந்து சுருட்டிக் கொண்டுவந்த வயர். முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பூட்டு நாக்கு உடைந்திருந்தது. உள்ளே எட்டு உலோகப் பல்லில் ஏழு ஒரே வரிசையில் மின்னின, ஒன்று மட்டும் கறுத்து உள்வாங்கிக் கிடந்தது. பண்ணிசை வகுப்புக்கு 94 தாராளம், ஜூமுக்கு அதில் மிகச் சிறு பங்குகூட வேண்டாம். ஆனாலும் ஒரு கம்பி விட்ட வயரில் இன்னொன்றும் விடும். அடுத்த நாள் கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்கொயரில் சில சிங்கப்பூர் வெள்ளி கொடுத்துப் புது கேட் 6 வயர் வாங்கிவந்து மாற்றினேன். 930-க்கு ஏறியது. அம்மாவுக்கு அந்த எண் ஒரு பொருட்டாகவே இல்லை. "நாடி எப்படி இருக்குன்னு பாரு" என்றார். இரண்டு, ஒன்று, இரண்டு.

சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் மின்னிலக்கத் தூதர்கள் உட்கார்ந்து, பெரியவர்களுக்கு அரசு மின்னடையாளமான சிங்பாஸ், அரசு தரும் சிடிசி பற்றுச்சீட்டு எல்லாம் பொறுமையாகக் கற்றுத் தருகிறார்கள். நல்ல வேலை. அதோடு இந்த விளக்குகளையும் சொல்லித்தர வேண்டும் என்பது என் ஆசை. எந்தப் பெட்டி எது, எந்த நிறம் எதைச் சொல்கிறது என்பதற்குப் பத்து நிமிடம் போதும். கோளாறு நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் அவர்கள்தானே.

அம்மா வகுப்புக்குத் திரும்பி இரண்டு மாதம் இருக்கும். போன வாரம் வேலை நேரத்தில் அழைத்தார். பக்கத்து வீட்டு மலாய்ப் பெண்மணியை அவர் 'மாக்சிக்', அதாவது அத்தை, என்றுதான் சொல்வார்.

"பக்கத்து வீட்டு மாக்சிக்குக்கு நெட் வரலையாம். கம்ப்யூட்டரைப் பேரன்கிட்டக் கொடுத்து ரிப்பேர் பண்ணணும்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. நான் போய்ப் பார்த்தேன். எல்ஓஎஸ் சிவப்பா எரியுது. அப்ப கம்ப்யூட்டர் மேல தப்பு இல்லைதானே?"

"இல்லைம்மா. ஒளியே வரலைன்னு அர்த்தம். கம்பெனிக்குப் போன் பண்ணச் சொல்லுங்க."

"அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்குறேன். நோன்புப் பெருநாள் பலகார டின்னையெல்லாம் அடுக்கி ஸ்டோர்ல வச்சிருக்காங்க. அந்த மெல்லிசு வயரு டின்னுக்கும் சுவத்துக்கும் நடுவுல மாட்டி மடங்கிக் கிடக்கு. வயரைத் தொட வேணாம், டின்னை மட்டும் நகர்த்துங்கன்னு மலாய்ல சொல்லிட்டு நிக்கிறேன். சரிதானே?"

சரிதான் என்றேன். தகர டின்கள் ஒவ்வொன்றாகத் தரையில் இறங்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

"சிவப்பு போயிடுச்சு" என்றார் அம்மா. "பச்சை மினுக்குது... இரு... நின்னுடுச்சு. நின்னு எரியுது."